நிழலுக்குள் இருபத்து மூன்று கூரைகள்

கூரையம்மா என்ற பெயரை அவருக்குச் சூட்டியவர்கள் அலுவலகத்து இளசுகள். பெற்றோர் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் உயிரோடு இருந்தது. அறுநூறு கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள் எடுத்து, வெளிநாட்டு நிறுவனம் ஒன்று விலைக்கு விற்கும் படத்தைக் கணினித் திரையில் விரித்து, அதில் தெரியும் ஒவ்வொரு கூரையின் ஓரத்தையும் சுட்டியால் தொட்டுத் தொட்டுக் கோடு இழுத்து, கோட்டுக்குள் ‘கட்டடம்’ என்று குறிப்பது அவருடைய வேலை. காலையில் உட்கார்ந்தால் மாலைக்குள் நானூறு கூரைகள். அவற்றுள் ஒன்றின் கீழும் அவர் நின்றதில்லை. ஆனாலும் ஓடு எது, தகரம் எது, மொட்டை மாடியில் காயப்போட்ட போர்வை எது என்று கேட்டால் தயங்காமல் சொல்வார்.

நாற்பத்தொரு வயது வரை அவர் கணினியைத் தொட்டதே இல்லை. கணவரின் தையற்கடையில், துணியின்மேல் சாக்குக்கட்டியால் வெட்டுக்கோடு போடுவது அவர் பங்கு. கடைக்கு எதிர்மாடியில் வரைபட நிறுவனம் ஒன்று குடிவந்தபோது, பொறுமையும் நல்ல கண்பார்வையும் உள்ளவர்கள் தேவை என்று படிக்கட்டில் ஒட்டியிருந்தார்கள்.

“போய்த்தான் பாரேன். பொறுமை இல்லேன்னா என்னோட இருபது வருஷம் குடும்பம் நடத்தியிருப்பியா?” என்றார் தையற்காரர்.

தேர்வுக்கு வந்தவர்களிடம் ஒரு படத்தைக் கொடுத்து, அதிலிருந்த நிறுத்துமிடத்தில் எத்தனை வண்டிகள் நிற்கின்றன என்று எண்ணச் சொன்னார்கள். எல்லோரும் எண்பத்தாறு என்றார்கள். கூரையம்மா எண்பத்தைந்து என்றார். ஒன்று வண்டியே அல்ல, வண்டி நின்றுவிட்டுப் போன இடத்தில் கிடக்கும் எண்ணெய்க் கறை, அதனால்தான் அதற்கு நிழல் விழவில்லை என்று விளக்கமும் சொன்னார். மறுநாளே வேலைக்கு வரச் சொல்லிவிட்டார்கள்.

மேலிருந்து பார்த்துப் பழகிய கண்ணுக்குத் தரை பிடிபடாமல் போனது பின்னால் வந்த வேடிக்கை. தாம் வரைந்த தெருவிலேயே அவர் வழி தவறுவார். கடைப் பலகைகளையும் வாசற்படிகளையும் அவர் பார்த்ததில்லை அல்லவா? “உலகத்துல எந்த மூலையில எந்த ஏரி வத்திப்போச்சுன்னு கேளுங்க, சொல்லுவா. பஸ் ஸ்டாண்டுல எந்தப் பக்கமா வெளிய வரணும்னு மட்டும் கேட்டுடாதீங்க” என்று தையற்காரர் வாடிக்கையாளர்களிடம் சொல்லிச் சிரிப்பார். கூரையம்மாவும் சேர்ந்து சிரிப்பார். தம் வேலையால் தரையில் யாருக்கும் ஒரு துரும்பும் அசையாது என்று அவர் அப்போது நம்பியிருந்தார்.

வேலைக்குச் சேர்ந்த பத்தாம் ஆண்டில், விடுமுறை நாள் ஒன்றின் காலையில், தையற்கடையின் இரும்புக் கதவுப் பூட்டு மக்கர் செய்தது. நூல் ஆலைக்குப் பின்புறச் சந்தில் குடியிருக்கும் பூட்டுக்காரர் வந்தார். கதை பேசிக்கொண்டே வேலை பார்க்கும் மனிதர். அன்று பூட்டின் வயிற்றைப் பிரித்துப் போட்டுக்கொண்டு ஊமையாக உட்கார்ந்திருந்தார்.

“என்ன தம்பி, இன்னைக்கு வாய்க்கும் சேர்த்துப் பூட்டுப் போட்டாச்சா?” என்று தையற்காரர் சீண்டினார்.

“பூட்டுப் போடக் கதவு வேணும் அண்ணே. கதவுக்கு வீடு வேணும். எங்க வீடே இல்லையாம்.”

“யாரு சொன்னது?”

“வானம் சொல்லுதாம்.”

கருவிப் பையின் அடியிலிருந்து நாலாக மடித்த தாளொன்றை எடுத்து நீட்டினார். சாலையை அகலப்படுத்த நகராட்சி அந்தச் சந்து முழுவதையும் எடுத்துக்கொள்கிறது. ஒன்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு குறிப்பிட்ட நாளில் அங்கே வீடு வைத்திருந்தவர்களுக்கு மாற்று வீடு உண்டு. அதற்குப் பிறகு வந்தவர்கள் வெறுங்கையோடு கிளம்ப வேண்டும். அந்த நாளில் யார் இருந்தார், யார் இல்லை என்பதற்குச் சந்துக்காரர்களிடம் காகிதம் இல்லை. சந்துக்கு அப்போது எண்ணும் கிடையாது, பெயரும் கிடையாது. வந்த கடிதமெல்லாம் ஆலையின் முகவரிக்கே வந்தது. ஆகவே, அந்த வாரத்துச் செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து வரைந்த வரைபடத்தையே நகராட்சி சான்றாக எடுத்துக்கொண்டது. சந்துக்காரர்கள் கொடுத்த மனுவை விசாரிக்க நாள் குறித்து, அதன் நகலை அனுப்பியிருந்தார்கள்; அதுதான் அந்தத் தாள். அதில் ஆலை இருந்தது. ஆலையின் தண்ணீர்த் தொட்டிகூட இருந்தது. பின்புறத்தில் மட்டும் நீளமாக ஒரு வெள்ளைப் பட்டை. அதற்குள் ‘வெற்றிடம்’ என்று அச்சாகியிருந்தது.

“இருபத்து மூணு குடும்பம் அண்ணி. என் மக அந்த வீட்டுலதான் பொறந்தா. அவளுக்குப் பன்னெண்டு வயசு நடக்குது. வெற்றிடத்துலயா பிரசவம் பார்த்தோம்?” என்று பூட்டுக்காரர் கூரையம்மாவிடம் கேட்டார். “இதை வரைஞ்சவன் மட்டும் என் கையில கெடைக்கட்டும்.”

கூரையம்மா தாளின் கீழ் மூலையைப் பார்த்தார். ‘வரைந்தவர்: 17’ என்றிருந்தது. நிறுவனத்தில் வரைபவர் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் உண்டு. பதினேழு அவருடையது.

“கெடச்சாச்சு தம்பி. அவன் இல்ல, அவ. நான்தான்.”

பூட்டுக்காரர் திருப்புளியைக் கீழே வைத்தார். “விளையாடாதீங்க அண்ணி.”

“விளையாடல. இது என் நம்பர்.”

“அப்ப எங்க வீடு?”

“நாளைக்குப் படத்தைத் திரும்பப் பார்க்கறேன். இருந்திருந்தா இருந்துச்சுன்னு சொல்வேன். இல்லேன்னா அதையும் உங்க முகத்துக்கு நேரா சொல்வேன். விசாரணை என்னைக்கு?”

“வியாழக்கிழமை” என்றார் பூட்டுக்காரர். பூட்டைப் பொருத்திவிட்டு, தேநீருக்குக்கூட நிற்காமல் போய்விட்டார்.

மறுநாள் கூரையம்மா பழைய படத்தைத் தேடியெடுத்தார். பார்த்ததும் நடந்தது விளங்கிவிட்டது. அந்தச் செயற்கைக்கோள் எந்த ஊரைக் கடந்தாலும் காலை பத்தரை மணியளவில் கடக்கும். படம் எடுத்தது குளிர்காலம், சூரியன் தாழ்ந்திருந்தது. நான்கு மாடி ஆலையின் நிழல் பின்புறச் சந்தின்மேல் மை கொட்டியதுபோலக் கிடந்தது. அந்தக் கறுப்புக்குள் ஒன்றும் தெரியவில்லை. குறிப்பதற்கு இருந்தவையோ இரண்டே சொற்கள்: கட்டடம், வெற்றிடம். கட்டடமாகத் தெரியாதது எதுவானாலும் வெற்றிடம் என்பது விதி. “மூணாவதா, தெரியலன்னு ஒரு கட்டம் வச்சா என்ன?” என்று அன்றைய மேற்பார்வையாளரிடம் தாம் கேட்டதும், “தெரியலன்னு சொல்றதுக்கா உங்களை வேலைக்கு எடுத்தோம்?” என்று அவர் சிரித்ததும் கூரையம்மாவுக்கு நினைவு வந்தன. கேட்டது சரிதான். கேட்டுவிட்டு அடங்கிப்போனதைத்தான் அவரால் இப்போது தாங்கிக்கொள்ள முடியவில்லை.

இன்னொன்றும் இருந்தது. அன்றைய கணினிகள் மந்தமானவை. எனவே, மூலப் படத்தை விட்டுவிட்டு, அதை இளைக்க வைத்த நகலொன்றை வைத்தே எல்லோரும் வரைந்தார்கள். மூலத்தில் ஒரு புள்ளிக்கு, கறுப்பிலிருந்து வெளுப்பு வரை, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட வெளிச்சப் படிகள் உண்டு; நகலில் இருநூற்றைம்பத்தாறுதான். இளைக்கும்போது வெளிச்சமான இடங்களுக்கு ஒன்றும் ஆகாது. அடிமட்டத்துப் படிகள் எல்லாம் ஒன்றாக நசுங்கிக் கறுப்பாகிவிடும். கூரையம்மா மூலத்தைத் திறந்தார். வெளிச்சப் பகுதிகளை அப்படியே விட்டுவிட்டு, இருளில் கிடந்த படிகளை மட்டும் விரித்தார். கறுப்பு சாம்பலாயிற்று. சாம்பலுக்குள் ஒரு விளிம்பு தோன்றியது, அடுத்து இன்னொன்று. சந்தின் ஒற்றையடிப் பாதை நூல்போல ஓடியது. அதன் இருமருங்கிலும் சின்னச் சின்னத் தகரக் கூரைகள். அரை மீட்டருக்கு ஒரு புள்ளி வீதம், ஒவ்வொரு கூரையும் ஏழெட்டுப் புள்ளி அகலம். எண்ணினார். இருபத்திரண்டு.

மீண்டும் எண்ணினார், இருபத்திரண்டேதான். சந்தின் கடைசியில் இருபத்து மூன்றாவது வீடு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மரம் கவிந்திருந்தது. அகச்சிவப்பில் போட்டுப் பார்த்தார். மரம் இன்னும் பளிச்சென்று தெரிந்ததே தவிர, அதனடியில் என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. அது பூட்டுக்காரரின் வீடு.

நிறுவன மேலாளர் அவரைவிடப் பதினைந்து வயது இளையவர். கோபம் ஏற ஏற அவர் பேச்சில் ‘மேடம்’ பெருகும்.

“அந்த வேலையெல்லாம் சரிபார்த்து ஒப்படைச்சு ஒன்பது வருஷம் ஆச்சு மேடம்” என்றார்.

“ஆமா. ஒன்பது வருஷமா தப்பா இருக்கு.”

“தப்புன்னு சொல்லாதீங்க மேடம். அப்ப இருந்த விதிப்படி சரிதான் மேடம்.”

“விதிப்படி சரி. தரையில தப்பு.”

“நகராட்சி புது வரைபடத்துக்கு நம்மகிட்டதான் பேசிட்டிருக்காங்க. இந்த நேரத்துல நீங்க போயி நாங்க தப்பா வரைஞ்சோம்னு சொன்னா, நம்மள எப்படி நம்புவாங்க?”

“தப்பைத் தப்புன்னு சொல்றவங்களை நம்பாம, வேற யாரைத் தம்பி நம்புவாங்க?”

“படம் நம்ம சொத்தே இல்ல மேடம். பயன்படுத்தற உரிமத்தை மட்டும்தான் வாங்கியிருக்கோம். ஒரு துண்டு வெளிய போனாலும் வழக்கு வரும் மேடம்.”

“படத்தைத் தொடமாட்டேன். அது வித்தவங்களுக்குச் சொந்தம். தப்பு எனக்குச் சொந்தம். அதை நான் எங்க வேணாலும் எடுத்துட்டுப் போவேன்.”

மேலாளர் நாற்காலியில் சாய்ந்தார். “நீங்க அங்க போனா, நிறுவனம் உங்க பின்னால நிக்காது.”

“முன்னாலயும் நின்னதில்லையே” என்று சொல்லிவிட்டுக் கூரையம்மா விடுப்புக் கடிதத்தை மேசையில் வைத்தார். காரணம் என்ற இடத்தில் ‘நகராட்சி விசாரணை’ என்று எழுதியிருந்தார். உடல்நலக் குறைவு என்று மாற்றி எழுதினால் போதும் என்று மேலாளர் கெஞ்சியும் பார்த்தார். கூரையம்மா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அன்று மாலை பூட்டுக்காரர் கடைக்கு வந்தார். கூரையம்மா ஒளிக்காமல் சொன்னார்: இருபத்திரண்டு கூரைகள் தெரிகின்றன, உங்களுடையது மட்டும் மரத்துக்கு அடியில் இருக்கிறது, தெரியவில்லை.

பூட்டுக்காரர் கருவிப் பையைக் கீழே இறக்கினார். “இருபத்திரண்டு இருக்கறப்ப, இருபத்து மூணுன்னு சொன்னா யாருக்கு அண்ணி நஷ்டம்? வீடு அங்க இருந்தது உண்மைதானே?”

“உங்களுக்கு அது உண்மை தம்பி. நான் படத்தைப் பார்த்துச் சொல்றவ. பார்க்காததைச் சொல்லமாட்டேன்.”

“அன்னைக்கு மட்டும் பார்க்காமத்தானே வெற்றிடம்னு எழுதுனீங்க?”

“அதனாலதான் சொல்லமாட்டேன்.”

பூட்டுக்காரர் எழுந்தார். “நல்லா இருங்க அண்ணி” என்றார். அது வாழ்த்தாக ஒலிக்கவில்லை.

அவர் போன பிறகு தையற்காரர் நாடாவைக் கழுத்திலிருந்து எடுத்துச் சுருட்டினார். “வேலை போனா என்ன பண்ணுவே?”

“உங்க கடையில கோடு போடறேன்.”

“என் கடையில கோடு தப்பினா ஒரு சட்டை போகும்.” நாடாவை இழுப்பறைக்குள் போட்டார். “அங்க தெருவே போகுது. நீ போயிட்டு வா. பஸ் ஸ்டாண்டுல வலது பக்கமா வெளிய வரணும், ஞாபகம் வச்சுக்க.”

விசாரணைக் கூடம் நகராட்சிக் கட்டடத்தின் இரண்டாம் மாடியில் இருந்தது. சந்துக்காரர்கள் பின்வரிசைகளில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். பூட்டுக்காரர் கூரையம்மாவைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். விசாரணை அலுவலர் நரைத்த தலையும் சுருக்கமான பேச்சும் உடைய பெண்மணி. நகராட்சி வழக்கறிஞர் வரைபடத்தைத் தூக்கிக் காட்டி, மனிதர் பொய் சொல்லலாம், வானத்திலிருந்து எடுத்த படம் பொய் சொல்லாது என்று முழங்கி முடித்தபோது, கூரையம்மா எழுந்து நின்றார்.

“உங்க பேரு சாட்சிப் பட்டியல்ல இல்லையே” என்றார் அலுவலர்.

“வரைபடத்துல இருக்கு மேடம். கீழ் மூலையில, பதினேழுன்னு. அதை வரைஞ்சது நான். ஆலைக்குப் பின்னால வெற்றிடம்னு குறிச்சது தப்பு. அது நிழல்.”

கூடத்தில் சலசலப்பு எழுந்தது. வழக்கறிஞர் புன்னகைத்தார். “அம்மா, ஒன்பது வருஷத்துக்கு முன்னாடி இளங்கண்ணுக்குத் தெரியாதது, இப்ப மூக்குக்கண்ணாடிக்குத் தெரியுதாக்கும்?”

“கண்ணு அதேதான் ஐயா. அன்னைக்குப் பார்த்தது நகல். இப்பப் பார்த்தது மூலம்.”

“அந்த மூலத்தைக் கொண்டு வந்திருக்கீங்களா?”

“இல்ல. கொண்டு வர எனக்கு உரிமை இல்ல. ஆனா உங்ககிட்டயே ஒண்ணு இருக்கு. வரைபடத்தை ஒப்படைச்சப்போ மூலப் படத்தையும் வட்டுல பதிஞ்சு, முத்திரை வச்சுக் குடுத்தோம். பட எண் இது.” ஒரு துண்டுத் தாளை அலுவலரின் மேசையில் வைத்தார். “உங்க அலமாரியில தேடச் சொல்லுங்க.”

தேடினார்கள். முக்கால் மணி நேரம் கழித்து எழுத்தர் ஒருவர் தும்மிக்கொண்டே ஒரு காக்கி உறையோடு வந்தார். ஒன்பது ஆண்டுகளாக அதன் முத்திரை உடைபடவே இல்லை. இது முறையல்ல, முன்னறிவிப்பு வேண்டும் என்று வழக்கறிஞர் எழுந்தார்.

“நம்ம அலமாரியில இருக்கறதை நாம பார்க்கறதுக்கு யாருக்கு முன்னறிவிப்பு குடுக்கணும்?” என்று கேட்டுவிட்டு அலுவலர் உறையைக் கிழித்தார்.

வட்டைப் படிக்கக்கூடிய கணினி பதிவறையில் ஒன்றுதான் இருந்தது. ஆகவே விசாரணையே பதிவறைக்கு இடம் மாறியது. கோப்பு அடுக்குகளுக்கு இடையில் அலுவலர், வழக்கறிஞர், சந்துக்காரர்கள் எல்லோரும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றார்கள். கூரையம்மா படத்தைத் திறந்து, சந்தின்மேல் கிடந்த இருளை மெல்ல விரித்தார். ஒவ்வோர் அசைவையும் என்ன செய்கிறோம் என்று சொல்லிச் சொல்லிச் செய்தார்.

கறுப்பு வெளுத்தது, கூரைகள் வரிசை கட்டின.

“அந்த வெள்ளைப் புள்ளி எங்க வீட்டு டிரம்மு” என்றாள் பின்னாலிருந்து ஒரு பெண். “நான் அப்பவே சொன்னேன் அதை உள்ள வைன்னு.”

“வச்சிருந்தா இன்னைக்கு சாட்சி ஏது?” என்றான் அவள் கணவன்.

அலுவலர் திரையில் விரல் வைத்துத் தாமே எண்ணினார். “இருபத்திரண்டு. மனுவுல இருபத்து மூணு இருக்கே. கடைசி வீடு எங்க?”

பூட்டுக்காரர் கூரையம்மாவை நேராகப் பார்த்தார்.

“தெரியல மேடம்” என்றார் கூரையம்மா.

“இல்லைங்கறீங்களா?”

“இல்லைன்னு சொல்லல. இருக்குன்னும் சொல்லல. மரம் மறைக்குது. இந்தப் படத்தை வச்சு ரெண்டையும் சொல்ல முடியாது.”

“அப்ப அந்த ஒரு வீட்டை வெற்றிடம்னே வச்சுக்கலாம்” என்றார் வழக்கறிஞர்.

“வச்சுக்கக் கூடாது ஐயா. அப்படி வச்சுக்கிட்டதாலதான் இத்தனை பேரும் இன்னைக்கு வேலையை விட்டுட்டு இங்க நிக்கறாங்க.” கூரையம்மா மேசையிலிருந்த வரைபடத்தை இழுத்தார். குறிவிளக்கம் இருந்த ஓரத்தில், கட்டடம், வெற்றிடம் என்ற இரண்டு கட்டங்களுக்குக் கீழே, அடிக்கோல் இல்லாமல், நடுங்காமல், மூன்றாவதாக ஒரு கட்டம் வரைந்தார். அதற்கு எதிரில் ‘தெரியவில்லை’ என்று எழுதினார். சந்தின் கடைசி மனையிலும் அதையே எழுதி, இம்முறை எண்ணைப் போடாமல் தம் முழுப் பெயரைக் கையெழுத்திட்டார்.

“படிவத்துல அப்படியொரு கட்டமே கிடையாதும்மா” என்றார் வழக்கறிஞர்.

“இப்ப இருக்கு.”

அலுவலர் அந்தக் கையெழுத்தை வாசித்தார். பிறகு எழுத்தரை அழைத்து, நின்றபடியே சொல்லச் சொல்ல எழுத வைத்தார். இருபத்திரண்டு வீடுகள் அந்த நாளில் இருந்தன என்பதை நகராட்சியின் சொந்தப் படமே காட்டுகிறது. இருபத்து மூன்றாவது வீடு இல்லை என்று சொல்ல நகராட்சியிடம் இருந்த ஒரே சான்று இந்த வரைபடம். அது அப்படிச் சொல்லவில்லை என்று வரைந்தவரே கூறிவிட்டார். இல்லை என்று நிறுவ வேண்டியது இடத்தை எடுத்துக்கொள்ளும் நகராட்சியின் கடமை, அது நிறுவவில்லை. எனவே, இருபத்து மூன்று குடும்பங்களுக்கும் மாற்று வீடு தரப்பட வேண்டும்.

வெளியே படிக்கட்டில் பூட்டுக்காரர் அவரைப் பிடித்தார். கண்கள் சிவந்திருந்தன.

“உசுரே போயிடுச்சு அண்ணி. இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.”

“சொல்லியிருந்தா, அந்த வக்கீல் மரத்தைக் காட்டி ஒரே ஒரு கேள்வி கேட்டிருப்பாரு. நான் முழிச்சிருப்பேன். மத்த இருபத்திரண்டும் என்னோட சேர்ந்து போயிருக்கும்.”

பூட்டுக்காரர் யோசித்தார். “இருந்தாலும் எனக்குக் கோபம்தான்.”

“படுங்க தம்பி. ஒன்பது வருஷத்துக்கும் சேர்த்துப் படுங்க. அது உங்களுக்குச் சேர வேண்டியது.”

மறுநாள் காலை மேசைமேல் ஒரு குறிப்பாணை காத்திருந்தது. நிறுவனத்தின் நற்பெயருக்கு ஊறு விளைவித்ததால், அவர் வரையும் பிரிவிலிருந்து விலக்கப்பட்டு, பழைய படங்களை அட்டவணைப்படுத்தும் கிடங்கு அறைக்கு மாற்றப்படுகிறார்.

“கையெழுத்து போடுங்க மேடம். வாங்கிக்கிட்டதுக்கு மட்டும்தான் மேடம்” என்றார் மேலாளர்.

கூரையம்மா எழுதினார்: ‘பெற்றுக்கொண்டேன். ஏற்கவில்லை.’

“இதுல அப்படியெல்லாம் எழுதக்கூடாது மேடம்.”

“எழுதியாச்சு தம்பி.”

கிடங்கு அறைக்குச் சன்னல் இல்லை. ஒரு பழைய கணினியும் தரையிலிருந்து கூரை வரை மூலப் படங்களின் பெட்டிகளும் இருந்தன. கூரையம்மா நாற்காலியைத் துடைத்துவிட்டு, தாம் முதல் இரண்டு ஆண்டுகளில், இளைத்த நகல்களை வைத்து, வரைந்தவற்றுள் குளிர்காலப் படங்கள் எவை என்று பட்டியல் எடுத்தார். அறுபத்து நான்கு இருந்தன. முதல் பெட்டியை இறக்கினார்.

பத்து நாட்கள் கழித்து மேலாளர் தொலைபேசியில் அழைத்தார். “அந்த ரூம்ல என்ன மேடம் பண்றீங்க? மூலப் படங்களை ஒவ்வொண்ணா திறக்கறீங்கன்னு கணினிப் பிரிவுல சொல்றாங்களே மேடம்.”

“அட்டவணைப்படுத்தறேன் தம்பி. நீங்க குடுத்த வேலைதான். இதுவரைக்கும் ஒன்பது படம் முடிஞ்சுது. நிழலுக்குள்ள இன்னும் ரெண்டு தெரு கெடச்சிருக்கு.” அடுத்த பெட்டியை இழுத்துக்கொண்டே சொன்னார். “ரெண்டும் வேற வேற நகராட்சி. அவங்களுக்கு நிறுவனம் எழுதுதா, இல்ல நானே எழுதட்டுமா?”